தாராவிக் குழாயடியில் எங்கள் எதிர்க்கட்சித் தலைவர்

பம்பாய்க்குப் போகிறவர்கள் வேலை தேடிப் போவார்கள். இல்லாவிட்டால் கடலைப் பார்க்கப் போவார்கள். என்னை அனுப்பியது ஒரு மனிதரை எடை போட்டுவிட்டு வருவதற்கு. எடை போடுவது எனக்குப் பழக்கமான காரியம்தான். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பித்தளையும் செம்பும் எடைக்குத்தான் விற்கிறோம். ஆனால் இந்த மனிதரைத் தராசில் உட்கார வைப்பது கஷ்டம். பாதி எடையில் எழுந்து வெளிநடப்புச் செய்துவிடுவார்.

அவர் பெயர் வேலாயுதம். திருநெல்வேலிச் சீமையில் எங்களுடையது ஒரு சின்ன நகராட்சி. அதில் அவர் எதிர்க்கட்சித் தலைவர். நான் அதே கட்சியில் ஒரு கவுன்சிலர். சேர்மன் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப் போகிறோம். அவருடைய ஆட்களிலேயே சிலர் எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டதால் தீர்மானம் ஜெயிப்பது உறுதி. ஜெயித்தால் வேலாயுதம் அண்ணாச்சிதான் சேர்மன். எல்லோரும் சந்தோஷமாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சிக்கு எந்திரிச்சு வெளிய போவத் தெரியும். உள்ள இருந்து வேலை பாக்கத் தெரியுமா?" வெற்றிலை மட்டும் மெல்லப்பட்டது.

அந்தச் சமயம் பார்த்து அண்ணாச்சி கண் வைத்தியம் என்று சொல்லிவிட்டுப் பம்பாயில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியும் திரும்புகிற வழியைக் காணோம். "நீ போய்ப் பாரு சுப்பையா. லாயக்குன்னா கூட்டிட்டு வா. லாயக்கு இல்லைன்னா அவர் வாயாலயே வேண்டாம்னு சொல்ல வச்சிரு. அப்புறம் நீயே உக்காரு" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்கள். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? சேர்மன் நாற்காலி வேண்டாம் என்று சொல்கிற கவுன்சிலரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தாதர் ஸ்டேஷனில் கல்யாணராமன் வந்து நின்றான். பாளையங்கோட்டையில் என்னோடு கல்லூரியில் படித்தவன். இப்போது மாட்டுங்காவாசி, ஃபோர்ட் பக்கம் ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தா. அத்தனை கூட்டத்தில் என்னை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். "தேடவே வேண்டாம்டா. தாதர்ல எல்லாரும் ஓடிண்டிருப்பா. எவன் நின்னுண்டிருக்கானோ அவன் ஊர்லேர்ந்து வந்தவன்" என்றான்.

மாட்டுங்கா மார்க்கெட்டைப் பார்த்ததும் எதற்கு இவ்வளவு தூரம் ரயிலில் வந்தோம் என்று தோன்றியது. கறிவேப்பிலை, வாழைத்தண்டு, கனகாம்பரம், அப்பளக்கட்டு, தமிழில் பேரம். கல்யாணத்தின் மனைவி ராஜம் கொடுத்த காபி எங்கள் ஊர்க் கிளப் காபியைத் தலைகுனிய வைத்தது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டைப் பற்றி அவர் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். "ரேஷன் அரிசி பகலுக்கே இழுத்துப் பறிக்கறது. ராத்திரி சப்பாத்திதான். உங்களுக்கு ஒத்துக்குமோல்லியோ?" சப்பாத்திக்குத் தொட்டுக்கொள்ள வற்றல் குழம்பு. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டுதான் இலையில் இருந்தன. எனக்கு ஒத்துக்கொண்டது.

காபி வேளையிலேயே நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கல்யாணம் துள்ளி எழுந்தான். "பிரமாதமான விஷயம்டா! நம்ம வண்டி சபையிலே வெச்சுடுவோம்" என்றான். அது என்ன சபை என்று கேட்டதற்கு, செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன், நீயே பார் என்று சொல்லிவிட்டான்.

அன்று சாயங்காலமே தாராவிக்கு நடந்து போனேன். மாட்டுங்காவிலிருந்து எட்டிவிடும் தூரம்தான்; ஆனால் வாடை மாறிவிடுகிறது. இந்தப் பக்கம் மல்லிகை, அந்தப் பக்கம் பதனிடுகிற தோல். சந்துக்குள் நுழைந்ததும் "வே, ஒதுங்கும்!" என்று ஒரு தள்ளுவண்டிக்காரர் அதட்டினார். எங்கள் சீமைக் குரல். காதுக்கு இதமாக இருந்தது.

அண்ணாச்சியின் தம்பி மாடசாமிக்குத் தகரப் பட்டறை. எண்ணெய் டின்களை வெட்டி, தட்டி, டிரங்குப் பெட்டி செய்கிறார். பாத்திரக்காரன் புத்தி, முதலில் பெட்டியின் மூலைமடிப்பைத்தான் தடவிப் பார்த்தேன். நல்ல வேலை. "அண்ணாச்சி எங்க?" என்று சுத்தியல் சத்தத்துக்கு மேல் கத்தினேன். "அண்ணன் இப்பம் பெரிய ஆளு! குழாய்ச் சாவி அவன் கையிலதான்!" என்று அவரும் கத்தினார்.

கதையை விளக்கியவர் மாடசாமியின் மனைவி செல்லக்கனி. அந்தச் சந்துக்கு ஒரே குழாய். விடியற்காலையில் கொஞ்ச நேரம் தண்ணீர் வரும். கண்டவர்கள் திறந்துவிட்டுப் போகாமலிருக்கக் குழாயைச் சுற்றி ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்கு ஒரு பூட்டு. சாவியைக் காய்கறி விற்கிற பாண்டு என்கிற மராத்திக்காரர் வைத்திருந்தார். தன் வீட்டுக் குடங்களையும் சொந்தக்காரர்கள் குடங்களையும் முதலில் நிரப்பிக்கொண்டு, மிச்சத்தைத்தான் மற்றவர்களுக்கு விடுவாராம்.

"அத்தான் வந்த மறுநாளே குழாயடியில நின்னு ஒரு பேச்சு பேசுனாவ பாருங்க! சுயாட்சி, சமநீதின்னு என்னெல்லாமோ. பொம்பளையெல்லாம் கை தட்டிட்டா. தெனமும் பேச்சு. தெனமும் கைதட்டு. அந்த பாண்டு எம்புட்டு நாள் பொறுப்பான்? ஒருநாள் சாவியத் தூக்கி அத்தான் காலடியில போட்டுட்டு, 'நீயே வச்சுக்கோ, நீயே நடத்து'ன்னு அவன் பாஷையில சொல்லிட்டுப் போயிட்டான்."

"அண்ணாச்சி என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்ய? அப்படியே சாவியப் பாத்துக்கிட்டே நின்னாவ. பாம்பப் பாத்த மாதிரி."

எனக்குச் சிரிப்பு வந்தது; கூடவே என் வேலை சுலபமாகிவிட்டது என்றும் தோன்றியது. ஊரில் நடக்கப் போவது இங்கே ஒரு குழாய் அளவுக்கு நடந்துகொண்டிருக்கிறது. பார்த்தால் போதும்.

மறுநாள் திங்கட்கிழமை காலை குழாயடியில் ஆஜரானேன். வெயில் காலம், விடிவதற்குள்ளேயே சட்டை நனைந்துவிட்டது. சந்து நெடுக அலுமினியக் குடம், தகர டின், நசுங்கிய பித்தளை, வாளி. ஆட்கள் நிற்க இடமில்லாமல் பாத்திரங்கள் நின்றன. அண்ணாச்சி சலவைச் சட்டையும் மேல்துண்டுமாக ஒரு கல்மேல் ஏறி நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாரும் வே சுப்பையா! நல்ல சமயத்துல வந்தீரு" என்று வரவேற்றுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வெளியூர் பிரமுகர் வந்துவிட்டால் பேசாமல் இருக்க முடியுமா? ஆரம்பித்துவிட்டார்.

"இதுவரை இந்தக் குழாயை நிர்வகித்தவர்கள்..." என்று அவர் முந்தைய ஆட்சியின் முறைகேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, பெட்டிக்குள் குழாய் சொட்டத் தொடங்கியது. தண்ணீர் வந்துவிட்டது. அவர் முடிக்கவில்லை. "அண்ணாச்சி, தொறங்க!" என்று ஒரு பெண் கத்தினாள். "பானி ஆயா, பானி ஆயா" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல். திறந்தார். யாருக்கு முதல் குடம் என்பதில் சண்டை. அவர் ஒரு பக்க நியாயத்தைக் கேட்டார். அடுத்து மறுபக்க நியாயத்தையும் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் ஒரு டின் காலில் இடறி, வாளி கவிழ்ந்து, அவருடைய சலவைச் சட்டை முழுவதும் தண்ணீர். "ஒமக்கு பாண்டுவே தேவல!" என்றாள் கவிழ்ந்த வாளிக்காரி.

அந்த ஒரு வார்த்தைதான். அண்ணாச்சியின் முகம் நகராட்சிக் கூட்டத்தில் சிவப்பதுபோலவே சிவந்தது. பெட்டியை அடித்து மூடினார். பூட்டினார். மேல்துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த அவமரியாதையைக் கண்டித்து நான் வெளிநடப்புச் செய்கிறேன்!" என்று முழங்கிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சந்தை விட்டு வெளியே நடந்துவிட்டார். உள்ளே குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. வெளியே பெட்டி பூட்டிக் கிடக்கிறது.

பழக்கதோஷம் என்பது இதுதான். இத்தனை வருஷமாக அவர் எழுந்து போனால் கூட்டம் நடந்துகொண்டேதான் இருக்கும். தான் போனால் எல்லாமே நின்றுவிடுகிற இடத்தில் அவர் இதற்கு முன் நின்றதில்லை. வெளிநடப்புச் செய்ய அவருக்கு இப்போது எதிரே யாரும் இல்லை என்பது அவர் புத்திக்கு எட்டவே இல்லை.

பெண்கள் குடத்தோடு துரத்தினார்கள். அவர் முனையிலிருந்த ஈரானி டீக்கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். செல்லக்கனிக்கு மைத்துனரிடம் கை நீட்டிச் சாவி கேட்கக் கூச்சம். வாசலில் நின்று, "அத்தான், சட்டை நனைஞ்சிருக்கு, கழத்தித் தாங்க. காய வச்சுக் கொண்டாரேன்" என்றார். அவர் வெள்ளந்தியாகக் கழற்றிக் கொடுத்தார். சட்டையோடு சாவியும் போயிற்று. அவர்கள் திரும்பி ஓடிப்போய்த் திறந்தபோது தண்ணீர் நின்றிருந்தது. அன்றைக்கு அந்தச் சந்தில் பல வீட்டார் உலை வைக்க அடுத்த சந்துக் குழாயில் கெஞ்சினார்கள். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. என் சிரிப்பு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை கல்யாணம் என்னை வண்டி சபைக்கு அழைத்துப் போனான். சபை என்பது காலை லோக்கல் ரயிலில் ஒரு பெட்டியின் மூலை. முலுண்டில் ஏறுகிற தமிழர்கள் உட்கார்ந்து வருவார்கள். மாட்டுங்காவில் ஏறுகிறவர்கள் அவர்கள் முழங்காலுக்கு நடுவே நிற்பார்கள். உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுங்கட்சி, நிற்பவர்கள் எதிர்க்கட்சி. பைகுலா வந்ததும் உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றவர்களுக்கு இடம் கொடுத்துவிட வேண்டும். அதுதான் அங்கே சட்டம். எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவர்கள் யாருமில்லையாம். எங்கள் ஊர் பஸ்ஸில் துண்டு போட்டுப் பிடித்த இடத்தை உயிர் போனாலும் விடமாட்டோம்.

கல்யாணம் நின்றபடியே என் பிரச்சினையைச் சபையில் வைத்தான். முழங்கிப் பழகியவர் நிர்வாகத்துக்கு லாயக்கா?

"ஒரு ஃபைலைத் தொறந்து பாத்த அனுபவம் உண்டோ அவருக்கு?" என்று கேட்டார் உட்கார்ந்திருந்த ஒரு முலுண்ட்காரர். பாலக்காட்டுப் பேச்சு, தடித்த கண்ணாடி. "சத்தம் போடறவனை எல்லாம் நாற்காலியில உக்கார வெச்சா, ஆபீஸ்ல பியூன்தான் மேனேஜர் ஆவான்."

"அனுபவம் எங்கேர்ந்து ஸ்வாமி வரும்?" என்று கல்யாணம் வளையத்தைப் பிடித்துத் தொங்கியபடி சீறினான். "உக்கார விட்டாத்தானே வரும்? நீங்களே உக்காந்துண்டிருந்தா மத்தவாளுக்கு எப்படித் தெரியும்?"

நின்றிருந்த அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள். பரேல் தாண்டியும் அனல் பறந்தது. பைகுலா வந்தது. எல்லோரும் பேச்சை நிறுத்தாமலே எழுந்து, புரண்டு, இடம் மாறினார்கள். கல்யாணம் உட்கார்ந்து, காலை நீட்டி, கழுத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆனாலும் சுப்பையா, கொஞ்சம் நிதானமா யோசிக்கணும்டா. அனுபவம் இல்லாதவன் கையில ஒரு ஊரை எடுத்துக் குடுத்துட முடியுமோ?" என்றான். வளையத்தில் தொங்கிய கண்ணாடிக்காரர், "சான்ஸே கொடுக்காம எப்படி ஓய் சொல்றது?" என்று பாய்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. கட்சி மாறியது யாருக்கும் தெரியவே இல்லை. என் பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ஒரு மராத்திக்காரர் என்ன தகராறு என்று விசாரித்தார். சொன்னார்கள். "நான் எங்கள் ஆபீஸ் சாகேபைப் பற்றிப் பேசுகிறீர்களாக்கும் என்று நினைத்தேன்" என்று அவர் சொன்னதாகக் கல்யாணம் மொழிபெயர்த்தான். கடைசி ஸ்டேஷனான போரிபந்தர் வந்ததும் சபை தீர்ப்புச் சொல்லாமல் ஆபீசுக்கு ஓடிவிட்டது.

அங்கிருந்து தனியாகச் செம்பூருக்குக் கிளம்பினேன். அண்ணாச்சி கண் காட்டிய டாக்டர் அங்கே இருந்தார். குர்லாவில் இறங்கி வண்டி மாற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். குர்லா வந்தது. நான் நின்றிருந்தது தப்பான வாசல் பக்கம். பிளாட்பாரம் மறுபக்கம். நடுவில் மனிதச் சுவர். "எறங்கணும், எறங்கணும்" என்று தமிழில் கத்தினேன். ஒரு பெரியவர் அன்போடு என் தோளைத் தட்டி, பயப்படாதே, முலுண்டில் கூட்டம் குறையும் என்று ஜாடை காட்டினார். குறைந்தது. முலுண்டில் இறங்கி, ஒரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்து, மறுபடி வந்த வழியே போய், செம்பூர் சேர்வதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

செம்பூர் காலனி நிம்மதியாக இருந்தது. மரங்கள், கோயில் மணி, மாடியில் காயும் வேஷ்டிகள். டாக்டர் நம்மவர்தான். அண்ணாச்சிக்கு நான் நெருங்கியவன், ஊருக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்றதும் சிரித்தார். "தாராளமா கூட்டிண்டு போங்கோ. வந்த அன்னிக்கே சொல்லிட்டேன், கண் கழுகு மாதிரி இருக்குன்னு. அவர்தான் நம்பாம வாராவாரம் வந்து, இன்னொரு தடவை பாருங்கோங்கறார்."

பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து திரும்பும்போது எனக்கு அந்த மனிதர்மேல் பெரும் பரிதாபம் வந்தது. கண்ணில் ஏதாவது கோளாறு இருக்காதா என்று ஏங்கி ஒருவர் டாக்டர் வீட்டுப் படி ஏறுகிறார் என்றால், அந்த நாற்காலியை நினைத்து எவ்வளவு பயந்திருப்பார்!

புதன்கிழமை அவரே என்னைத் தேடி மாட்டுங்காவுக்கு வந்தார். "வே, வார்டு ஆபீஸுக்குப் போறேன். நீரும் வாரும். ஒமக்குத்தான் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியுமே" என்றார். குழாயில் தண்ணீர் வருகிற நேரமே போதவில்லை என்று கேட்கப் போகிறாராம். போனதும் பேச்சை ஆரம்பித்துவிடுவார், வெளியே தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்து, கூடப் போகக் கொஞ்சம் கூச்சப்பட்டேன்.

ஆபீசர் ஒரு மராத்திக்காரர். மேஜைமேல் டிபன் டப்பாவைத் திறந்துவைத்திருந்தார். அண்ணாச்சி கல் எதிலும் ஏறவில்லை. நாற்காலியில்கூட உட்காரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, தமிழில் கேட்டார். எங்கள் சந்துக்கு எத்தனை மணிக்குத் தண்ணி விடணும்? நான் மொழிபெயர்த்தேன். ஆபீசர் ஏதோ ஒரு மணி சொன்னார். விடுதது எத்தனை மணிக்கு? பெரிய சாவி போட்டு வால்வைத் திறக்க ஓர் ஆள் உண்டாம், சாவிவாலா என்பார்களாம். அந்த ஆளு எந்தச் சந்தை முதல்ல திறக்காரு? எதைக் கடைசியில? மூடும்போது எதை முதல்ல மூடுதாரு? ஏன்? ஆபீசர் நாளை வரச் சொன்னார். "சரி, நாளைக்கு யாருகிட்ட கேக்கணும்? அவரு பேரு என்ன?" ஆபீசர் கடிதம் எழுதிக் கொடுக்கச் சொன்னார். "எழுதலாம். எழுதுனா யாரு படிப்பாங்க?"

குரல் உயரவே இல்லை. ஒரு பதில் வந்ததும் அதன் வாலைப் பிடித்து அடுத்த கேள்வி. என்னுடைய ஓட்டை இங்கிலீஷே போதுமானதாக இருந்தது. டிபன் டப்பாவில் சோறு ஆறிப்போயிற்று. கடைசியில் ஆபீசர் சாவிவாலாவைக் கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் சந்து கடைசியில் திறந்து முதலில் மூடப்படுகிறது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. இனிமேல் முறை மாற்றிவிடும்படி அந்த ஆளிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "இவர் ஊரில் வக்கீலா?" என்று மரியாதையோடு கேட்டார்.

வெளியே வந்ததும் நான் அண்ணாச்சியைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தேன். அவரோ கவலையாக இருந்தார். "தண்ணிய வாங்கிரலாம் வே. அதப் பங்கு வைக்கதுதான்..." என்று இழுத்தார். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நாளைக்கு நீரு சாவியப் புடிச்சுப் பாரும்" என்றார்.

வியாழக்கிழமை காலை செல்லக்கனி என்னிடம் சாவியைக் கொடுத்தார். நான் பேச்சு எதுவும் பேசவில்லை. கடையில் தீபாவளிக் கூட்டத்தைச் சமாளிக்கிற மாதிரியே செய்தேன். வீட்டுக்கு ஒரு பாத்திரம், அது நிறைந்ததும் பின்னால் போ, மறுபடி வா. யார் நியாயத்தையும் கேட்கவில்லை. மூன்று பாஷைகளில் திட்டு வாங்கினேன். ஒரு கிழவர் இரண்டு டின்னை ஒன்றாகக் கட்டிக் கொண்டுவந்து ஒரு பாத்திரம் என்றார், அவிழ்க்க வைத்தேன். வேட்டி முழங்கால் வரை சேறு. ஆனால் கடைசி வீட்டுக் கடைசி வாளியும் நிறைந்தது. அதற்குப் பிறகும் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி அங்கேயே தலையைக் குழாயில் நீட்டிக் கூந்தலை நனைத்துக்கொண்டாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. சேர்மன் நாற்காலி என் முதுகுக்கென்றே செய்தது என்று நிச்சயமாகிவிட்டது. சாவியைச் சுழற்றிக்கொண்டே பூட்டப் போகும்போதுதான், தண்ணீர் ஏன் இன்னும் ஓடுகிறது என்று யோசித்தேன். திங்கட்கிழமை இருந்த நேரம் மட்டும் ஓடியிருந்தால் என் கெட்டிக்காரத்தனம் பாதி வரிசையோடு நின்றிருக்கும். பேசாமல் நின்றதற்கு எனக்குப் பேர். கேட்டு வாங்கியவரோ ஈரானிக் கடை வாசலில் டீ கிளாஸோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை தட்டவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை.

சாவியைச் செல்லக்கனியிடமே கொடுத்தோம். "அத்தானுக்கு இனி வேண்டாம்லா?" என்று அவர் ஒரு பேச்சுக்குக் கேட்டுவிட்டு, பதில் வருமுன்னே முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றைக்கே ஊருக்குப் புறப்பட்டோம்.

ரயிலில் ஜன்னல் ஓரம் அண்ணாச்சி, எதிரே நான். கல்யாண் ஸ்டேஷன் தாண்டி வண்டி மலை ஏறும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சுப்பையா, நீரு எதுக்கு வந்தீருன்னு வந்த அன்னைக்கே தெரியும். மறைக்காண்டாம். சொல்லும். அந்த நாக்காலிக்கு நான் லாயக்கா?"

சுற்றி வளைத்துச் சொல்ல எத்தனையோ வார்த்தைகளை மாட்டுங்காவிலிருந்தே தயார் செய்து வைத்திருந்தேன். அத்தனையையும் விட்டுவிட்டேன். "இல்லை அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை வருஷம் எங்களுக்காகத் தொண்டை கிழியக் கத்திய மனிதர். என் கண்ணும் கலங்கியது. அந்த நாற்காலி எனக்குத்தான் என்கிற இனிப்பு அந்த நிமிஷம் எங்கோ போய்விட்டது. சுரங்கம் ஒன்று வந்து, இருட்டி, வெளிச்சம் வந்தது.

"எனக்கும் தெரியும்லா" என்றார், திரும்பாமலே. "இருந்தாலும் அடுத்தவன் சொல்லும்போது வலிக்கத்தான் செய்யுது." மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. நீரே இரும். நான் முன்மொழியுதேன். ஆனா ஒண்ணு. நான் எதுத்த வரிசையை விட்டு நவுரமாட்டேன்."

"ஆளப் போறது நம்ம கட்சிதானே அண்ணாச்சி?"

"இருந்துட்டுப் போவட்டும். எதுத்தாப்புல ஒருத்தன் கேள்வி கேக்காண்டாமா?" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கைகளைக் கட்டிக்கொண்டார். வார்டு ஆபீசில் கேட்ட அதே தணிந்த குரல். "நம்மூர் மேலத்தெருவுல எத்தனை மணிக்குத் தண்ணி விடுதாங்க?"

யோசித்தேன். "தெரியாது அண்ணாச்சி."

"எத்தனை மணிக்கு நிப்பாட்டுதாங்க?"

"தெரியாது."

"திறந்துவிடுத ஆளு யாரு?"

அதுவும் தெரியாது. ஊரில் தினமும் நான் குளிக்கிற தண்ணீர். "உங்களுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"எனக்கும் தெரியாது" என்றார் அவர். "கேக்கதுதான் என் வேலை. தெரிஞ்சு வச்சிருக்கது இனிமே உம்ம வேலை."